செல்லத்தாய் வாசித்த நான்கு வரிகள்

1. பரீட்சை

செல்லத்தாய் பக்கத்தைத் திருப்பவில்லை. வாசிப்பும் நிற்கவில்லை. இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை விரித்துப் பிடித்தபடி, அடுத்த பக்கத்து வரிகளையும் தண்ணீர் ஊற்றுவதுபோலச் சொல்லிக்கொண்டே போனாள்.

1930களின் நடுவில் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் தங்கி, சுற்றுவட்டாரப் பெண் பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்ட்ரஸாக இருந்தேன். பள்ளி பள்ளியாகச் சர்க்கிள் போவது மாட்டுவண்டியில்தான். வத்திராயிருப்புப் பக்கம் போகிற நாளில் தென்னந்தோப்புகளுக்கு மேலே மலை மெல்லத் தெளிந்து வரும். தூக்குவாளிக் காப்பி ஆறுவதற்குள் முதல் பள்ளி வந்துவிடும். அந்தக் காலைகளை நினைத்தால் இன்றும் மனசு குளிர்கிறது. இந்தப் பரீட்சை அந்தப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் நடந்தது.

நான் வேறொரு பக்கத்தைப் புரட்டிக் கொடுத்தேன். செல்லத்தாய் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன பாடம் அம்மா?"

"கிணறு."

உடனே கிணற்றுப் பாடம் முழுதும் பிசகாமல் வந்தது. கரும்பலகையில் 'படம்' என்று எழுதி வாசிக்கச் சொன்னேன். அவள் வாயே திறக்கவில்லை. தலை குனிந்து பாவாடை நுனியைத் திருகிக்கொண்டு நின்றாள்.

2. கொம்பு

வகுப்பு டீச்சர் ஞானம்மாள் பிள்ளைகளைச் சாப்பிட அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஒரு தடவை காதுல கேட்டா போதும் அம்மா, அம்புட்டும் நின்னுரும். வாய்க்கணக்குல அவதான் முதல். எழுத்துன்னு வந்தா ஒண்ணும் நிக்க மாட்டேங்கி. அடிச்சும் பாத்துட்டேன், கெஞ்சியும் பாத்துட்டேன். அவ அய்யாகிட்ட மட்டும் சொல்லிராதிய."

நான் செல்லத்தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, எழுத்தில் எது கஷ்டம் என்று கேட்டேன். அதுவரை யாரும் அவளிடம் அப்படிக் கேட்டிருக்கவில்லை போலும். நெடுநேரம் யோசித்தாள்.

"பானாவும் மானாவும் ஒண்ணுபோல இருக்கு. பொறவு, கொம்பு முன்னால நிக்கி. சத்தம் பின்னாலதான வருது?"

சிலேட்டில் 'கெ' எழுதிப் பார்த்தேன். கொம்பு முன்னால்தான் நின்றது. பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்த எனக்கு, அது ஒரு பிள்ளையைக் குழப்பும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை. இவள் மக்கு இல்லை என்பது மட்டும் அப்போது புரிந்தது. இந்தக் காலத்து டீச்சர்கள் இதை டிஸ்லெக்சியா என்கிறார்கள். எங்களிடம் அதற்குப் பெயர் கிடையாது.

வெளியே அவள் அப்பா சுப்பையா காத்திருந்தார். பட்டாளத்திலிருந்து திரும்பி விவசாயம் பார்க்கிறவர். "எம் மக வாசிச்சதக் கேட்டியளா?" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அவளை இன்னொரு வருடம் அதே வகுப்பில் வைக்க வேண்டும் என்றேன்.

"நல்லா வாசிக்கவள எதுக்கு நிறுத்தணுங்கிய?"

சொல்லாமல் தப்ப முடியாது. அவள் வாசிக்கவில்லை, கேட்டதை ஒப்பிக்கிறாள் என்று சொன்னேன். ஞானம்மாள் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சுப்பையா தோள் துண்டை எடுத்து மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பட்டாளத்துல எனக்கும் சொல்லிக்குடுத்தாவ. கூட இருந்தவனெல்லாம் படிச்சிட்டான். எனக்கு எழுத்து நிக்கவே இல்ல. இவளுக்காவது நிக்கும்னு இருந்தேன்." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒரு வருசம் பாருங்க. இல்லன்னா ராஜபாளையத்துல அவ அத்தைகூடப் பருத்தி பொறுக்க அனுப்பிருவேன்."

3. அந்த ஒரு வருடம்

நானும் ஞானம்மாளும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்தோம். பாடப் புத்தகம் அவளுக்கு வேண்டாம். தாம்பாளத்தில் ஆற்று மணலைப் பரப்பி, சத்தத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் பெரிதாக எழுத வேண்டும். 'ப' கைக்குப் பழகிய பிறகுதான் 'ம'. அட்டையில் எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டினோம். கொம்பையும் தனியாக வெட்டி, அவளே எடுத்து முன்னால் வைக்கும்படி செய்தோம். தினமும் காலையில் ஞானம்மாள் சிலேட்டில் புது வரி ஒன்று எழுதுவார். 'மாடு படுத்தது', 'மாமா வடை தந்தார்' என்று அவள் முன்பு கேட்டிராத வரியாக இருக்கும்.

அந்தப் பக்கம் சர்க்கிள் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். மூன்று மாதம் ஒன்றுமே நடக்கவில்லை. ஞானம்மாளுக்கே நம்பிக்கை விட்டுப்போயிற்று. "மத்த பிள்ளைக என்னைக் கேலி பண்ணுதுக அம்மா, நான் மண்ணுல விளையாடுதேனாம்" என்றார். அதற்கப்புறம் ஒருநாள், கடைத்தெருவில் ஒரு பலகையைக் காட்டி செல்லத்தாய் "மா" என்று சொன்னாளாம். அது மாவு மில்லின் பலகை.

மறு வருடப் பரீட்சைக்கு நான் நான்கு வரிகளைப் புதிதாக எழுதிக் கொண்டுபோனேன். பள்ளியை நடத்துகிற மேனேஜர், போன வருடம் போலவே, என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் சுப்பையா நின்றார்.

செல்லத்தாய் ஒவ்வொரு எழுத்துக்கும் கீழே விரலை வைத்தாள். திக்கினாள். 'மேலே' என்ற இடத்தில் நின்றுவிட்டாள். வகுப்பில் யாரோ சிரித்தார்கள். அவள் நிமிரவில்லை. கொம்பைத் தொட்டாள், அடுத்த எழுத்தைத் தொட்டாள், "மே" என்றாள். நான்கு வரியும் முடிவதற்குள் அவள் நெற்றி வேர்த்துவிட்டது.

மேனேஜருக்கு ஏமாற்றம். "என்ன டீச்சர், போன வருசம் இதைவிட நல்லா வாசிச்சாளே?"

ஞானம்மாள் பதில் சொல்லுமுன் வாசலிலிருந்து சுப்பையாவின் குரல் வந்தது.

"போன வருசம் வாசிக்கல சார். இப்பத்தான் வாசிக்கா."

அவள் ராஜபாளையம் போகவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை அங்கேயே படித்தாள். வேகம் கடைசிவரை வரவில்லை. நானும் அதற்கப்புறம் எந்தப் பள்ளிக்குப் போனாலும் பாடப் புத்தகத்தை மூடச் சொல்லிவிட்டு, அன்று எழுதிய வரியைத்தான் பிள்ளைகளிடம் கொடுப்பேன். திக்குகிற பிள்ளைக்கு இடையில் எடுத்துக் கொடுக்க மாட்டேன். அது வாசித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருப்பேன்.