சுவருக்கு வெளியே நின்ற கான்

மேற்கு ஜெர்மனி உலகக் கால்பந்துக் கோப்பையை வென்ற ஆண்டு, 1974. அந்த ஆரவாரம் அடங்குமுன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து நாற்பது கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு கிராமத்துக்கு மூவர் போனோம். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, மருமகள் தட்டச்சு செய்கிறாள்.

அப்போது ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அங்கே தங்கியிருந்த முதியவர் கான், ஜெர்மனியில் பிறந்து லண்டனில் வாழ்ந்த யூதர். அந்தக் கிராமத்து யூத மயானத்தில் பூட்டனாரின் கல்லறை இன்னும் இருக்கிறதா என்று அவருக்குத் தெரிய வேண்டும், மறுநாள் விமானம். பொறியியல் படித்த நண்பன் யோகன் தன் பழைய காரை எடுத்தான். பெட்ரோலுக்கு ஏழு மார்க்.

வழியில் கான் ஜெர்மன் மொழியில் சொன்னதை யோகன் எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தான். "முந்தி இவையளிலை கனபேருக்குக் குடும்பப் பேரே இல்லையாம் அண்ணை. எங்களை மாதிரித் தன்ர பேரும் தேப்பன்ர பேரும்தான். பிறகு அரசாங்கம் கட்டளை போட, சிலர் ஊர்ப் பேரை வைச்சினம், சிலர் தொழிலை. கான் எண்டால் பூசாரி வழி."

"அப்ப ஐயரோ?"

"ஓம், மீன் சாப்பிடுற ஐயர்."

ஏன் சிரிக்கிறோம் என்று கான் கேட்டார்.

மயான வாசலில் கான் நின்றுவிட்டார். சாவுத் தீட்டு என்பதால் பூசாரி வழி ஆண்கள் உள்ளே கால் வைக்கக் கூடாதாம். பெண்களுக்குத் தடையில்லை, மகளோ லண்டனில்.

"பழைய கல்லிலை கான் எண்டு இராதாம். பூசாரி ஆசி குடுக்கிற மாதிரி ரெண்டு கை செதுக்கியிருக்குமாம். இந்த ஊரிலை அந்த வழி ஒரே குடும்பம்தானாம்," என்றான் யோகன். கற்களில் எல்லாம் எபிரேய எழுத்து. "இண்டைக்கு எனக்கும் உங்களுக்கும் ஒரே படிப்புத்தான் அண்ணை."

நின்ற கற்கள் சிலவற்றில் கூஜா இருந்தது, அது பூசாரிக்குக் கை கழுவ நீர் வார்க்கும் வழியாம்; கை எதிலும் இல்லை. சுவருக்கு அப்பால் கான் கூப்பிட்டுக்கொண்டேயிருந்தார். கடைசியில் கொடி மூடிக் குப்புறக் கிடந்தது ஒரு கல். "தூக்க ஏலாது அண்ணை." அடியில் கையை விட்டேன். செதுக்கிய விரல்கள் தட்டுப்பட்டன. கட்டைவிரல் இரண்டும் ஒட்டியிருந்தன.

சுவரருகே போய் என் கைகளை அப்படியே வைத்துக் காட்டினேன். கான் தன் கைகளையும் அவ்வாறே வைத்துப் பார்த்தார். பிறகு ஒரு கூழாங்கல்லைத் தந்தார். கொண்டுபோய் அந்தக் கல்லின் மேல் வைத்தேன்.

போகிறவர்களுக்கு: சனிக்கிழமை திறக்கமாட்டார்கள். சாவிக்குக் கிராம அலுவலகத்தில் முன்பே சொல்லி வையுங்கள். ஆண்கள் தலையை மூட வேண்டும். பூ வேண்டாம், சிறு கல் போதும்.

கான் காலமாகிவிட்டார், யோகனும் போய்ச் சேர்ந்துவிட்டான். அந்தக் கல்லை யாரும் நிமிர்த்தியதாகக் கேள்விப்படவில்லை. அந்தக் குடும்பத்தில் இன்னும் இருப்பவர், உள்ளே போகத் தடையில்லாத மகள் ரூத் கான்.