மெக்னீசியம் மாத்திரை போட்டவர் அடுப்புப் பக்கம் போகலாமா?

இன்று எங்கள் மருந்துக் கடைக்கு ஒரு அக்கா வந்தார். கெண்டைக்கால் பிடிப்புக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மெக்னீசியம் மாத்திரை தீர்ந்துவிட்டதாம்.

அவர் கணவருக்கு விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து கலக்கும் வேலை. மெக்னீசியம் என்றால் அவருக்குப் பளீரென்று வெள்ளையாய் எரிகிற பவுடர்தான்.

"மாத்திர போட்டா தீப்பெட்டியக்கூடத் தொட விட மாட்டேங்காக தம்பி. காப்பி, சோறு எல்லாம் அவுகதான்."

"அந்தப் பவுடர் வேற, இது வேறக்கா. இது தீப்பிடிக்காது. டாக்டர் சொன்னபடி தினம் ஒண்ணு, அதுக்கு மேல வேண்டாம். கூடப் போட்டா வயித்தால போகும். கிட்னிக் கோளாறு எதுவும் இல்லைல்ல?"

"இல்ல தம்பி. இது தீப்பிடிக்காதுன்னு அவுகட்ட மட்டும் சொல்லிராதீக."

அதற்குள் சைக்கிளை நிறுத்திவிட்டு அவர் கணவரே உள்ளே வந்தார்.

"தம்பி, மாத்திர போட்டு எம்புட்டு நேரங்கழிச்சு இவ அடுப்புப் பக்கம் போகலாம்?"

அக்கா என்னையே பார்த்தார்.

"ராத்திரிச் சாப்பாடு முடியட்டும்ணே" என்றேன்.

மாத்திரை அளவில் நான் பொய் சொல்லவில்லை. மற்றதற்கு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள். வீட்டில் காப்பி போடுகிற ஆண்கள் முதலில் வரவும்.