நாய்க்கு இருபத்திரண்டு டிகிரி

அந்த வீட்டில் எல்லோருக்கும் அவள் ‘டிரைவர் அக்கா’. முதலாளி அவளைவிட நாலைந்து வயது மூத்தவர். அவரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். கூப்பிட்டால் கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். பள்ளிக்கூட வேன், ஆம்புலன்ஸ், ஹோட்டல் கார் என்று பாதி ஆயுளை ஸ்டியரிங்குக்குப் பின்னால் கழித்தவள். ஆம்புலன்ஸில் ஒரு பிரசவமே நடந்திருக்கிறது. பின்னால் அலறலும் நர்ஸின் அதட்டலுமாக இருந்தபோதும் குண்டும் குழியுமான சாலையில் தூக்கிப் போடாமல் ஓட்டியவள். அந்தப் பேரைக் கேள்விப்பட்டுத்தான் முதலாளி அவளை வேலைக்கு வைத்தார்.

அப்போது வீட்டில் இருந்தது பெட்ரோல் கார். நீளமான கறுப்பு செடான். பிறகு எலெக்ட்ரிக் கார் ஒன்று வந்து இறங்கியது. அன்றிலிருந்து முதலாளிக்கும் அவருடைய தம்பிக்கும் ஓயாத வாக்குவாதம். தம்பி பெட்ரோல் கட்சி, அண்ணன் கரண்ட் கட்சி. ஒரு விடுமுறை நாளில் இருவரும் பின்சீட்டில் ஏறிக்கொண்டு, ஒரே சாலையில் முதலில் ஒன்றிலும் பிறகு மற்றதிலும் போய்வரச் சொன்னார்கள்.

எலெக்ட்ரிக் காரில் ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் தாமதம், யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியதுபோல் வண்டி பாய்ந்தது. தம்பி முன்சீட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பெட்ரோல் வண்டி அப்படி அவசரப்படாது; கியர் மாறுவதே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போகும். எஞ்சின் சத்தம் இல்லாத வண்டியில் டயர் உருளும் சத்தம் காதில் விழுகிறது என்றார் தம்பி. உன் எஞ்சின் இரைச்சலுக்கு இது எவ்வளவோ தேவலை என்றார் அண்ணன். அடியில் பேட்டரி இருப்பதால் தரை உயர்ந்து முழங்கால் மேலே வந்துவிடுகிறது என்றார் தம்பி. முதுகைப் பிடித்துவிடும் மசாஜ் சீட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் பேசு என்றார் அண்ணன். இத்தனை பேச்சும் பின்சீட்டைப் பற்றித்தான். முன்சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவளுக்கு வேறொரு கணக்கு இருந்தது. பெட்ரோல் காரில் காத்திருக்கும்போது ஏசி போடக் கூடாது. எஞ்சின் ஓடினால் புகை, சத்தம், பெட்ரோல் வீண். அது நியாயம்தான் என்று வண்டியை விட்டு இறங்கி நிழல் தேடிப் போய்விடுவாள். புது வண்டியில் புகையும் இல்லை, சத்தமும் இல்லை. முதல் வாரமே, முதலாளி ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தபோது, ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உடனே போன் வந்தது. கதவு திறந்தது, ஏசி ஓடுவது, எல்லாம் அவர் போனில் தெரியுமாம். சார்ஜ் இறங்குகிறது, அணைத்துவிடுங்கள் என்றார். அணைத்தாள். மனசுக்குள் ஏதோ சுருக்கென்றது. மென்று விழுங்கிக்கொண்டாள்.

விழுங்க முடியாத நாளும் வந்தது. முதலாளியின் மனைவி தன் நாயையும் கூட்டிக்கொண்டு மேசை நாற்காலி வாங்கப் போனார். கடைக்குள் நாயை விட மாட்டார்கள். அந்த அம்மாள் காரின் திரையில் எதையோ தொட்டார். ஏசி ஓடத் தொடங்கியது; திரையில் பெரிய எழுத்து வந்தது. ‘என் எஜமானர் இதோ வந்துவிடுவார். உள்ளே இருபத்திரண்டு டிகிரி. கவலைப்பட வேண்டாம்.’

“நீங்க வெளிய நில்லுங்க அக்கா. யாராவது கண்ணாடியத் தட்டினா அது பயந்துடும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மரம் மட்டை இல்லாத பார்க்கிங். உச்சி வெயிலில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. பைகளைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு தம்பதி குனிந்து திரையைப் படித்தார்கள். எவ்வளவு நல்லா பார்த்துக்கறாங்க என்று அந்தப் பெண் நெகிழ்ந்துபோனாள். பக்கத்தில் வியர்வை சொட்டச் சொட்ட ஒருத்தி நிற்பது அவர்கள் கண்ணில் படவே இல்லை.

அவளுக்குத் தலை கிறுகிறுத்தது. கதவைத் திறந்து உள்ளே போய் உட்கார்ந்தாள். நாய் வந்து மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டது. போன் அடித்தது.

“அக்கா, கதவு திறந்ததா காட்டுதே?” என்றார் முதலாளி.

“நான்தான் சார் உள்ள உக்காந்திருக்கேன்.”

“அந்த ஏசி நாய்க்காகப் போட்டது.”

“தெரியும் சார். அதுகூடத்தான் உக்காந்திருக்கேன். நான் வந்ததால சார்ஜ் கூடுதலா எறங்குதான்னு போன்ல பாத்துக்கோங்க.”

அவர் பார்த்தார் போலிருக்கிறது. பிறகு, சரி, மேடம் வரும்வரை இருங்கள் என்றார், பெரிய மனசு பண்ணுகிறவரைப் போல. வெயிலைவிட அந்தச் ‘சரி’தான் அவளைச் சுட்டது.

சாயங்காலம் முதலாளி அவளைக் கூப்பிட்டு, மரியாதை இல்லாமல் பேசிவிட்டீர்கள் என்றார். நாளையிலிருந்து புது வண்டிக்கு வேறு ஆள். அவள் பெட்ரோல் வண்டியைப் பார்த்துக்கொண்டால் போதும்.

“என் மரியாதையப் பத்தியும் யாராவது யோசிச்சீங்களா சார்?” என்று கேட்டாள். இரண்டு வண்டிகளின் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

வீட்டில் அவள் கணவர் தைத்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். “ஒரு நாய்க்காகவா வேலைய விட்டுட்டு வந்தே?”

“நாய் மேல எனக்கென்னங்க கோவம்? தங்கமான நாய். அது வெயில்ல கெடக்கணும்னா சொல்றேன்? எனக்கும் உடம்புதானே இருக்கு?”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மறுவாரம் முதலாளியின் தம்பி போன் செய்தார். குரலில் பந்தயத்தில் ஜெயித்த சந்தோஷம். அந்தக் கரண்ட் வண்டியே இப்படித்தான், மனுஷனை வேவு பார்க்கும்; நம்ம பெட்ரோல் வண்டிக்கு வந்துவிடுங்கள் என்றார்.

“ரெண்டுலயும் நான் வெளியதானே சார் நின்னேன்?” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் ஊழியர்களை ஏற்றி இறக்கும் வேனை ஓட்டுகிறாள். கட்டை வண்டிபோல் குலுங்கும், சீட்டெல்லாம் கல் மாதிரி. வேலை கேட்டுப் போனபோது, காத்திருக்கும் நேரத்தில் டிரைவர்கள் எங்கே இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்டாள். மேனேஜர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஃபேன், பெஞ்சு, தண்ணீர் எல்லாம் இருக்கும் ஓர் அறையைக் காட்டினார். அவள் உள்ளே போய் ஃபேனைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் சம்மதம் சொன்னாள்.