வெள்ளித்தாளில் பூசிய சேறு

வெள்ளித்தாள் கசங்கும் ஓசை கேட்டால் இன்றும் என் கண் வானத்துக்கு ஓடுகிறது. பயிர்கள் வெயிலை உணவாக்கும் விதத்தை ஆராய்ந்த விரிவுரையாளர் அவர்; நான் அவருடைய மாணவன். இலையைத் தொடுமுன் கையை இடுப்பில் கட்டிய சாரத்தில் துடைக்கும் மெலிந்த மனிதர். சண்டிலிப்பாய்க் கிராமத்துப் புகையிலைத் தோட்டத்தில், வெயில் பட்ட பாதியோடு ஒப்பிட்டு அளக்க, ஒவ்வோர் இலையிலும் மறுபாதியை வெள்ளித்தாளால் மூடியிருந்தார். பார்க்கப் போயிருந்தேன். போர்க்காலம் அது. உச்சிவெயிலில் இராணுவ ஹெலிகொப்டர் இரைந்தது; தாள்களால் தோட்டம் முழுக்க மின்னியது.

"சேர், கழட்டுங்கோ! மேலையிருந்து சுடப்போறான்!"

"கழட்டினா வெயில் பட்டிடும். நாளைக்குப் புகையிலை வெட்டிப்போடுவினம், பிறகு அளக்க இலையில்லை. சேத்தை அள்ளிப் பூசும், மினுங்காது!"

"உங்களுக்கென்ன விசரே?"

ஆனாலும் அள்ளினேன். வாய்க்கால் சேற்றைத் தாள்களில் பூசினோம். ஹெலி தாழ்ந்து வட்டமிட்டு விலகியது. அவருடைய உதடுகள் வெளுத்திருந்தன.

"பொழுதுபட்டாப் பிறகுதான் இலையை வெட்டி அளக்கலாம், நான் அதுமட்டும் நிக்கவேணும். நீர் போம். அந்த வெள்ளைச் சட்டையைக் கழட்டிச் சுருட்டிக்கொண்டு போம்."