சாட்சிக் கையெழுத்து

அண்ணன் அந்த ஞாயிற்றுக்கிழமை ஃபைலோடு வந்தபோதே எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரம் ஃபிளாட்டில் அவரும் மகனும் மட்டும்தான். மகனுக்கு முப்பத்தொரு வயது. பிறந்ததிலிருந்தே மனவளர்ச்சிக் குறைவு. தானே குளிப்பான், சாப்பிடுவான். ஆனால் கேஸ் அடுப்பையும் பணத்தையும் அவனிடம் விட முடியாது.

ஃபிளாட்டை அவன் பேரிலேயே எழுதினால் யாராவது ஏமாற்றி வாங்கிவிடுவார்கள், அதனால் அவனுக்காக ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தச் சொல்கிறார் வக்கீல் என்றார் அண்ணன். தனக்குப் பிறகு அதை நிர்வகித்து அவனையும் கவனித்துக்கொள்ள ஒரு டிரஸ்டி வேண்டும்.

"உன்ன விட்டா யாரும்மா இருக்கா?" என்று கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் நான் ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது. பாதி நாள் பெங்களூரில் மகள் வீடு, பாதி நாள் சேலையூரில் என் வீடு, இனி யாருக்கும் டிபன் பாக்ஸ் கட்ட வேண்டாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். "அவரக் கேட்டு சொல்றேண்ணா" என்றேன்.

கணவரிடம் கேட்கவே இல்லை. கேட்டால் சரி என்று சொல்லிவிடுவார் என்ற பயம். பத்து நாள் கழித்து அண்ணனுக்குப் போன் செய்து, அவருக்கு இஷ்டமில்லை என்றேன். "பரவால்லம்மா" என்று வைத்துவிட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

நாலு மாதம் கழித்து, பத்திரம் பதிவாகப் போகிறது, சாட்சிக் கையெழுத்துப் போட வர முடியுமா என்று கேட்டார். கணவர்தான் காரில் கூட்டிப்போனார். பதிவு அலுவலக வாசலில் அண்ணனோடு அவருடைய கீழ்வீட்டுக்காரர் நின்றிருந்தார். பெயின்ட் கடை வைத்திருக்கும் பாய். அவர்தான் டிரஸ்டி. அண்ணன் மகன் பாயின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

டோக்கன் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது பாய் என்னிடம் தணிந்த குரலில், "சார் சொன்னாரு, உங்க வூட்டுல ஒத்துக்கலன்னு. மனசுல வெச்சிக்காதீங்கக்கா. நாங்க கீழயேதான கீறோம்" என்றார்.

என் கணவர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. உள்ளே போய்க் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன்.

திரும்பும்போது கேம்ப் ரோடு சிக்னலில்தான் வாயைத் திறந்தார்.

"எங்கிட்ட எப்ப கேட்ட?"

அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை. நல்ல மனிதர். என் அண்ணன் முன்னால் நாலு மாதமாக அவரைக் கெட்டவராக நிறுத்தி வைத்திருந்தேன்.

அடுத்த வாரம் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"மாப்பிள்ளை அப்டி சொல்ற ஆள் இல்லன்னு எனக்குத் தெரியாதா? நீ போன்ல சொன்னப்பவே புரிஞ்சுது. அதான் மறுபடி கேக்கல."

இப்போதாவது என்னையும் டிரஸ்டியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கோபமே இல்லாமல் தலையசைத்தார். "வேணாம்மா. கடமைக்குன்னு வந்தா அவன் கண்டுபுடிச்சிருவான். நீ அத்தையா வந்து போ."

போய்வருகிறேன். ஓய்வுபெற்று ஒரு வருடம் ஆகிறது. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமைகளில் பாய் அவனை பஸ்ஸில் கோவளம் கூட்டிப்போகிறார். கரைக்கு வரும் படகுகளின் நிறங்களை அவன் எனக்கு வரிசையாகச் சொல்கிறான். போன சனிக்கிழமை நான் கிளம்பும்போது, அடுத்த தடவை நானும் கோவளத்துக்கு வரட்டுமா என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்தான்.

"பாய்கிட்ட கேட்டு சொல்றேன்" என்றான்.