கிணற்றுக்குள் நின்ற கறுப்புச் சுவர்

லிங்கநகரில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோன வருடம் வளவில் கிணறு இல்லை. விடிய எழும்பிச் சந்திக் குழாயடியில் நின்று தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுத்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞானம் படிப்பிக்கப் போவேன். கிணறு வெட்ட மூதூரிலிருந்து, நானா என்று நாங்கள் கூப்பிடும் ஒரு முஸ்லிம் பெரியவரும் அவருடைய தம்பியும் வந்தார்கள். இரண்டாள் ஆழம் போனதும், குத்திய இரும்பு அலவாங்கு கல்லில் பட்டுத் துள்ளியது.

"டீச்சர், கறுத்தக் கல்லு. நம்மட பக்கத்துக் கல்லில்ல இது. அலவாங்குதான் மழுங்குது," என்றார் நானா, மேலே ஏறி வந்து.

துறைமுகக் கந்தோரில் வேலை முடிந்து வந்த என் கணவர் குழியை எட்டிப் பார்த்தார். "மூடிவிடுவம். இதுக்குக் கீழ போக ஏலாது."

"மூடுங்கோ. ஆனால் வேற இடத்தில வெட்டத்தான் வேணும். நான் இனி அந்தக் குழாயடிக்குப் போகமாட்டன்."

ஒரு துண்டை உடைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். எங்கள் பக்கத்து வெள்ளைக் கல்லில் குவார்ட்ஸ் என்ற பளிங்கு மணிகள் வெறுங்கண்ணுக்கே மினுங்கும். இதில் ஒன்றும் தெரியவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடி பிடித்தபோதுதான் ஊசிபோல வெள்ளைப் பெல்ஸ்பாரும், இடையில் கரும்பச்சைப் பைரொக்சீனும் என்று கனிமங்கள் தெரிந்தன. பளிங்கு இல்லவே இல்லை. இடித்த தூளில் காந்தத்தை வைத்தேன். இரும்புப் பொடி மயிர்போல ஒட்டிக்கொண்டது. பசால்ட் இனம். பூமிக்குள்ளிருந்து உருகிய குழம்பு ஒரு வெடிப்புக்குள் ஏறி, மணிகள் பெரிதாய் வளர நேரமில்லாமல் சட்டென்று ஆறி, சுவராய் நின்றுவிட்டது. சுவர் என்றால் மேட்டிலிருந்து வரும் தண்ணீர் அதில் முட்டித்தானே நிற்கவேண்டும்?

பெல்ஸ்பார் உக்கினால் களிமண்ணாகும். இரும்பு துருப்பிடித்துச் சிவக்கும். அன்று பின்னேரம் மண்ணைக் கிண்டிக் கிண்டிப் பார்த்தேன். வேலியிலிருந்து வீட்டுக் குசினிப் பின்பக்கம்வரை ஒரு சிவந்த களிக்கோடு ஓடியது; கறுப்புச் சுவர் போகும் தடம் அதுதான். அதற்கு மேட்டுப் பக்கமாய், முருங்கையடியில், புதுக் கிணற்றுக்கு அடையாளமாய்த் தடி நட்டேன்.

"அங்கயும் கல்லெண்டால்?" என்று கணவர் கேட்டார்.

"அப்ப நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்."

நானா சிரித்தார். "டீச்சர் சொல்லுறா. வெட்டிப் பாப்பம்."

எங்கள் பக்கத்து வெள்ளைக் கல் அங்கே நொறுங்கிப்போய்க் கிடந்தது. வெட்டுவது சுகம், ஆனால் ஈரமே இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து தினமும் விளிம்பில் நிற்பேன். உள்ளுக்குள் பயம். வெளியில் காட்டவில்லை.

ஒரு மத்தியானம் கீழேயிருந்து நானாவின் சத்தம் கேட்டது. "டீச்சர், கால் நனையுது!"

கறுத்தக் கல்லும் வெள்ளைக் கல்லும் சேரும் இடத்தால் தண்ணீர் கசிந்து வந்தது. கலங்கல் தெளிய ஒரு கிழமை பிடித்தது. என் கணவர் வாளியை இறக்கி அள்ளி, ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

"உப்பில்லை," என்றார். பிறகு வாளியைத் தூக்கி நெஞ்செல்லாம் நனையக் குடித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கிணற்றடியில் நின்று அள்ளி அள்ளித் தலையில் ஊற்றினேன். தடிமன் காய்ச்சல் பிடிக்கப்போகுது, வாரும் என்று அவர் குசினியிலிருந்து கூப்பிட்டும் நான் விடவில்லை.