ரெண்டு தட்டினால் நிறுத்திவிடு

நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம், எனக்குக் கோபமில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூட பஸ் ஓட்டினவள் நான். பின்னால் அத்தனை வாண்டுகளும் கத்தித் தீர்க்க, பனியில் வண்டி வழுக்க, கை நடுங்காமல் வீடு கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் மூஞ்சிக்கு நேராகவே சிரிப்பேன். அந்தப் பிப்ரவரி மாதச் சாயங்காலத்தோடு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

என் பெயர் வான்டா சோப்சாக். டெட்ராய்ட்டை ஒட்டின ஹாம்ட்ராமிக்கில், போலந்துக்காரர்கள் பேட்டையில், பிறந்து வளர்ந்தவள். என் தம்பி ரோமனும் அங்கேயேதான். அவனுக்குப் பெண்டாட்டி கிடையாது, பிள்ளை கிடையாது, டர்பைன் கார் பைத்தியம் மட்டும் உண்டு.

சாதாரண கார் எஞ்சின் இல்லை அது. ஜெட் விமானத்து எஞ்சின் ஜாதி. உள்ளே ஒரு சக்கரம் கண்ணுக்கே தெரியாத வேகத்தில் சுற்றும். மண்ணெண்ணெய் ஊற்றினாலும் ஓடும், சமையல் எண்ணெய் ஊற்றினாலும் ஓடும். அறுபதுகளில் ஒரு கம்பெனி இப்படிக் கொஞ்சம் கார் செய்து, "ஓட்டிப் பாத்துட்டு எப்படி இருக்குன்னு சொல்லுங்க" என்று சில குடும்பங்களுக்கு மூன்று மூன்று மாதம் இனாமாகக் கொடுத்தது. பிறகு எல்லாவற்றையும் திரும்ப வாங்கி நசுக்கிப் போட்டுவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம், விடுங்கள்.

எங்கள் எதிர்வீட்டுக்கு ஒன்று வந்தது. ரோமன் அப்போது பொடியன். தினம் காலையில் அந்தச் சத்தம் எழும்... உய்ய்ய்ய்... வாயில் வைத்த ரொட்டியைத் துப்பிவிட்டு ஜன்னலுக்கு ஓடுவான். மூன்று மாதம் கழித்து வண்டியை எடுத்துப் போனபோது அவன் அழுத அழுகை இருக்கிறதே, எங்கள் நாய் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சத்தத்தை அவன் கேட்கவே இல்லை.

போன வருஷம் டாக்டர் சொல்லிவிட்டார். வலது காது போய்விட்டது, இடது காது கோடைகாலம் வரை தாங்கினால் பெரிய விஷயம். ரோமன் என் சமையலறையில் வந்து உட்கார்ந்து, "அக்கா, அந்தச் சத்தத்த ஒரே ஒரு தடவை கேட்டுட்டேன்னா போதும். அப்புறம் காது எக்கேடு கெட்டாலும் போகட்டும்" என்றான். "தேடுடா" என்றேன்.

எங்கெங்கோ விசாரித்து, நசுங்காமல் தப்பிய ஒரு வண்டியைக் கண்டுபிடித்தான். ஃபிளிண்ட்டுக்கு வடக்கே ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. சொந்தக்காரி மார்ஜரி ப்ரூவர் என்கிற அம்மாள். அவளுடைய அப்பா வெஸ்லி அந்தக் கம்பெனியில் சோதனை ஓட்டுநராக இருந்தவர். எப்படியோ ஒன்றை ஒளித்துக் கொண்டுவந்துவிட்டார். அவர் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது.

விலை பேசி முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் சாவியிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. "தொடைச்சு வைங்க. நாலு பேருக்குக் காட்டுங்க. ஸ்டார்ட் மட்டும் பண்ணாதீங்க."

"ஏம்மா?"

"அப்பா கடைசிவரைக்கும் பண்ணல."

ரோமன் பவ்யமாகத் தலையாட்டினான். அவன் புளுகும்போது தலை அப்படித்தான் ஆடும்.

வண்டியை எங்கள் ஷெட்டுக்குக் கொண்டுவந்தோம். ஓட்டுகிறவர் தலைக்கு நேர் மேலே, கூரைத் தகட்டில் மட்டும், சின்னச் சின்ன ஒடுக்குகள். வேறெங்கும் ஒரு கீறல்கூட இல்லை. "வால்நட் மரத்தடில நிறுத்திருப்பாங்க, காய் விழுந்திருக்கும்" என்றான் ரோமன். உட்கார்ந்து ஒவ்வொன்றாக ஒடுக்கெடுத்து வழவழவென்று ஆக்கினான்.

எஞ்சின் சக்கரத்துக்குத்தான் சண்டை வந்தது. ஒஹாயோவில் ஒருத்தர் புதுச் சக்கரம் ஒன்று செய்து கொடுத்திருந்தார். பெட்டியோடு அலமாரியில் இருந்தது.

"டேய், அம்பது வருஷத்து இரும்புடா அது. புதுசைப் போட்டுத் தொலையேன்."

"என்னக்கா பேசற? இது வண்டியோட பொறந்த சக்கரம். இத மாத்தினா அது வேற வண்டி. சத்தமே வேற மாதிரி வரும்."

பழைய கார் பைத்தியங்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. ஒரு திருகாணி ஒரிஜினல் இல்லை என்றால் துக்கம் விசாரிக்க வந்துவிடுவார்கள். புதுச் சக்கரம் பெட்டியிலேயே இருந்தது.

அன்று தவக்கால நோன்பு தொடங்குவதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை. ஊரே வரிசையில் நின்று பொன்ச்கி, அதாவது ஜாம் வைத்த போலந்துப் பணியாரம், வாங்கும் நாள். நாங்களும் ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனோம். வெளியே முழங்கால் உயரப் பனி. பொன்ச்கியின் சர்க்கரைத் தூள் ரோமனின் மீசையெல்லாம். கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்துக்கொண்டே இருந்தான்.

ஏற்பாடு இதுதான். நான் உள்ளே, இடது பக்கம், ஓட்டுகிற இடத்தில். ரோமன் வெளியே, வலது மட்கார்டு பக்கம், ஷெட் தூணில் சாய்ந்து, ஒரு மரக்கட்டையை எஞ்சினில் ஊன்றி மறுமுனையை இடது காதில் வைத்துக்கொண்டு. பானெட் திறந்திருக்கும், அவனை நான் பார்க்க முடியாது. டர்பைன் சத்தத்தில் பேச்சும் கேட்காது. அதனால் மட்கார்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் ஸ்டார்ட் பண்ணு. ரெண்டு தட்டினால் நிறுத்திவிடு.

ஏறி உட்காருமுன் வலது மட்கார்டில் கை வைத்தேன். ஷெட்டே ஐஸ் பெட்டியாய்க் கிடந்தது. ஆனால் அந்த இடத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்கு... வெதுவெதுப்பு.

ரோமன் கையை வைத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஐந்தே கால். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது.

டொக்.

சாவியைத் திருகினேன். ஆக்சிலரேட்டரில் கால் வைக்கவில்லை, டர்பைனில் வைக்கவும் கூடாது. உள்ளே டிக்டிக்டிக் என்று பொறி அடித்தது. பிறகு எங்கிருந்தோ மெதுவாக... உய்...

டொக் டொக்.

உடனே நிறுத்தினேன். ரோமன் ஜன்னலுக்கு ஓடிவந்தான். "ஏன்க்கா நிறுத்தின?"

"நீதானே ரெண்டு தட்டின?"

"நானா? நான் தட்டவே இல்லையே!"

"காது எனக்கு நல்லாத்தான்டா இருக்கு." சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவன் பழைய இடத்துக்குப் போய்விட்டான்.

இரண்டாவது தடவை. மரக்கட்டையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். ஸ்டார்ட் பண்ணச் சொல்லி வாயால் கத்தினான். சாவியைத் திருகினேன். சத்தம் ஏற ஆரம்பித்தது. பானெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவே விரற்கடை இடுக்கு. அதில் ரோமனின் கோட்டு தெரிந்தது, சிவப்புக் கட்டம் போட்டது.

அதை ஒட்டி இன்னொரு கோட்டு.

சாம்பல் நிறம்.

டொக் டொக்.

நிறுத்தினேன். இறங்கி ஓடிப்போய்ப் பார்த்தேன். ரோமன் மட்டும்தான் நின்றான். ரெண்டு கையும் கட்டையில். கண் கலங்கியிருந்தது.

"ஆரம்பிச்சுச்சுக்கா... இப்பத்தான் ஆரம்பிச்சுச்சு. ஏன்க்கா இப்படிப் பண்ற?"

"உன் பக்கத்துல யாருடா நின்னது?"

"யாரு நிப்பாங்க? உனக்குப் பயம். பயமா இருந்தா வீட்டுக்குப் போ. நான் ஒண்டியாப் பாத்துக்கறேன்."

என்னைப் பார்த்து, பயம் என்கிறான்! ரோஷம் வந்துவிட்டது எனக்கு. "சத்தத்த ஏறு ஏறுன்னு இன்னிக்கு ஏத்திக் காட்டறேன்டா. யாரு தட்டினாலும் நிறுத்த மாட்டேன். நிறுத்தணும்னா நீ இடுக்கு வழியா டார்ச்ச அடி" என்றேன்.

மூன்றாவது தடவை.

டிக்டிக்டிக்...

உய்ய்ய்...

சூட்டு முள் விறுவிறுவென்று ஏறியது. நின்றது. மெதுவாக இறங்கியது. அப்படித்தான் இறங்க வேண்டும்.

உய்ய்ய்ய்ய்ய்...

எங்கள் தெருவின் சத்தம். அதே சத்தம். எனக்கு அழுகை வந்துவிட்டது. பானெட்டுக்கு அந்தப் பக்கம் ரோமன் குழந்தை மாதிரி கூவினான்.

இடுக்கில் பார்த்தேன். சிவப்புக் கோட்டு மட்டும். சாம்பல் இல்லை. அப்பாடா என்றிருந்தது.

டொக் டொக்.

மட்கார்டில் இல்லை.

என் தலைக்கு மேலே.

கூரையில்.

டார்ச் வரவில்லை. நிறுத்த மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

டொக் டொக்.

நிமிர்ந்து பார்த்தேன். கூரைத் துணி உள்பக்கமாக அமுங்கியது... என் நெற்றிக்கு நேராக... ரெண்டு இடத்தில்.

டொக் டொக். டொக் டொக். டொக் டொக்...

"இயேசுவே!" என்று அலறிச் சாவியைத் திருப்பிவிட்டேன்.

எஞ்சின் அணைந்தது. ஆனால் டர்பைன் உடனே நிற்காது. சக்கரம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

ரோமன் கட்டையை எறிந்துவிட்டு வண்டியின் பின்பக்கமாகச் சுற்றி என் ஜன்னலுக்கு வந்தான். மூஞ்சி சிவந்திருந்தது. திட்ட வாயைத் திறந்தான்.

டமார்!

காது அடைத்துவிட்டது. கண் திறந்தபோது ஷெட்டெல்லாம் புகை. சக்கரம் சிதறி, வலது மட்கார்டைக் கிழித்துக்கொண்டு வெளியே போயிருந்தது. ரோமன் சாய்ந்து நின்ற தூண் நடுவில் முறிந்து கிடந்தது. அவன் மார்பு உயரத்தில்.

ரோமனுக்கு ஒரு கீறல் இல்லை. வாயை அசைத்து என்னவோ கேட்டான். நானும் கத்தினேன். எனக்குக் கொஞ்ச நேரத்தில் காது திறந்துகொண்டது.

அவனுக்குத் திறக்கவில்லை. இடது காதும் அன்றோடு போய்விட்டது.

அடுத்த வாரம் தனியாக மார்ஜரியின் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். நான் வாயைத் திறக்குமுன் அவள் கேட்டாள். "வலது மட்கார்டா?"

உட்கார்ந்துவிட்டேன்.

"சோதனை ஷெட்ல அப்பா இந்த வண்டிக்குள்ள உக்காருவாரு. லூத்தர் பெல்லுன்னு ஒருத்தர் மட்கார்டு கிட்ட நிப்பாரு. சாம்பல் கலர் கோட்டு, அதுதான் அவங்க யூனிஃபார்ம். ரெண்டு தட்டினா நிறுத்தணும். அன்னிக்கு லூத்தர் ரெண்டு தடவை நிறுத்தச் சொல்லித் தட்டியிருக்காரு. தகடு என்னமோ மாதிரி அதிருதுன்னு. பாத்தா ஒண்ணும் இல்ல. மூணாவது தடவையும் தட்டினாரு. பெரிய அதிகாரிங்க நிக்கறாங்க, லூத்தர் பயந்தாங்கொள்ளின்னு நெனச்சு..."

"உங்கப்பா நிறுத்தல."

"நிறுத்தல."

சக்கரம் வெடித்து, மட்கார்டு வழியாக லூத்தரின் நெஞ்சில். பிறகு ஓட்டையை ஒட்டுப்போட்டு, வெளியே தெரியாதபடி பெயின்ட் அடித்து, வேறு சக்கரத்தை மாட்டியிருக்கிறார்கள். வண்டியோடு பிறந்தது என்று ரோமன் கொண்டாடிய சக்கரம் அதுதான். எங்கள் ஷெட்டில் பிய்ந்தது அந்த ஒட்டு. கை வைத்தபோது வெதுவெதுவென்று இருந்த இடம்.

"கூரையில ஒடுக்கு இருந்துச்சே," என்றேன். "வால்நட் மரத்தடில..."

"கொட்டகைக்குள்ள ஏதும்மா மரம்? அப்பா கொண்டுவந்தப்ப கூரை கண்ணாடி மாதிரி இருந்துச்சு. தெனம் சாயங்காலம் போய் வண்டிக்குள்ள உக்காந்துக்குவாரு. சாவிகூட எடுத்துட்டுப் போக மாட்டாரு. உள்ள இருந்து 'நிறுத்திட்டேன் லூத்தர், நிறுத்திட்டேன்'னு அழுவாரு. ஒவ்வொரு தடவையும் புதுசா ஒடுக்கு விழுந்திருக்கும். ரெண்டு ரெண்டா."

இப்போது வண்டி எங்கள் ஷெட்டில்தான் நிற்கிறது. எஞ்சினைக் கழற்றி வெளியே எடுத்துவிட்டோம். டாங்கில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ரோமன் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். நான் கதவோரம் நின்று காபி ஊற்றினேன். ஷெட்டில் ஒரு சத்தமில்லை. திடீரென்று அவன் கை நின்றது. மெதுவாக மேலே பார்த்தான்.

"அக்கா, தட்டினது நீயா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவன் முகம் மலர்ந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு. "கேட்டுச்சுக்கா! எனக்குக் கேட்டுச்சு. டொக் டொக்னு."

எனக்கு எதுவுமே கேட்கவில்லை. வெளியே போய்க் கூரையைத் தடவிப் பார்த்தேன். அவன் வழவழவென்று ஆக்கின தகட்டில் ரெண்டு ஒடுக்கு.

அன்றிலிருந்து தினம் சாயங்காலம் போய் வண்டிக்குள் உட்கார்ந்துகொள்கிறான். போகாதேடா, போகாதேடா என்று பின்னாலேயே கத்துகிறேன்.

அவனுக்கு நான் பேசுவது கேட்பதில்லை.